ஆறெழுத்துப் பேரு

தம்பி கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்களே, அதனால கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு புரோக்ராமுக்குள்ள ஒரு பொம்பளை பேரை எழுதி வைக்கிறது வழக்கமா?

இல்ல, சும்மாதான் கேக்கேன். அதுவும் அடுத்தவன் பொஞ்சாதி பேரு.

சிரிக்காதீங்க தம்பி. என் பொஞ்சாதி பேரைத்தான் சொல்லுதேன். வடிவு. இங்கிலீஷ்ல எழுதினா ஆறு எழுத்து. அந்தக் காலத்துப் புரோக்ராம்ல ஒரு பேருக்கு ஆறு எழுத்துக்கு மேல வைக்கக் கூடாதாம். அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி உள்ள போய் உக்காந்திருக்கு. பாத்தா யாருக்கும் சந்தேகம் வரும்லா?

சரி, பஸ் அணைக்கட்டு போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. முதல்ல இருந்து சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரி இஞ்சினியர். கருங்கல்லாறு அணையில வேலை பாத்தா. ரிட்டயர் ஆகி அஞ்சு வருசம் ஆச்சு. நான் உரக் கம்பெனியில விற்பனை ஆபீசரா இருந்தேன். மாசத்துல இருபது நாள் டூர். ரெண்டு பேருக்கும் சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடுங்க. முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாள் குரலை உசத்திப் பேசினது கிடையாது. பேசினதே குறைச்சல்தான், அது வேற விசயம்.

எண்பத்தொம்பதுல அவளும் அவ கூட வேலை பாத்த ஸ்தனிஸ்லாஸ்னு ஒருத்தனும் சேர்ந்து அணைக்கு ஒரு புரோக்ராம் எழுதினாவ. மலையில அஞ்சு இடத்துல மழைமானி இருக்கு. எங்க எவ்வளவு மழைன்னு சொல்லிட்டா, எத்தனை மணிக்கு அணைக்கு எவ்வளவு தண்ணி வரும், எத்தனை ஷட்டரைத் திறக்கணும்னு அது சொல்லும். முப்பத்தஞ்சு வருசமா ஒரே பெட்டியில ஓடிக்கிட்டு இருந்தது. அந்த அறையில ஏசி கெட்டா, ஆளுகளுக்கு வேர்க்குதேன்னு யாரும் பாக்க மாட்டாவளாம், பெட்டிக்கு வேர்க்குதேன்னு ஃபேனைத் திருப்பி வைப்பாவளாம்.

போன ஆவணியில அந்தப் பெட்டி செத்துப் போச்சு.

அணையில இப்போ இருக்கிற இஞ்சினியரம்மா போன் பண்ணினா. "மேடம், ஐப்பசியில மழை பிடிச்சிரும். புது மெஷின்ல உங்க புரோக்ராம் ஓட மாட்டேங்குது. நீங்கதான் வந்து பாக்கணும்"னா. பழைய பெட்டி மாதிரியே புது மெஷினை நடிக்க வச்சு ஓட்டுறதுக்கு ஒரு வழி இருக்காம். ஆனா இப்போ மழைமானி எல்லாம் சிக்னல்ல நேரா கணக்கு அனுப்புதுல்லா, அதை இது வாங்கிக்கிடாதாம். அதனால எழுதினதை எடுத்து, புது மெஷினுக்குப் புரியுற மாதிரி மறுபடி கம்பைல் பண்ணணும். உங்களுக்குத் தெரியும். எனக்கு அறுபத்தெட்டு வயசுலதான் தெரிஞ்சுது.

வடிவு போனை வச்சா. வச்ச உடனே என்ன சொன்னா தெரியுமா? "ஸ்தனிஸ்லாசைக் கேக்கணும்."

அந்தப் பேரை எங்க வீட்டுல கேட்டு இருபத்தஞ்சு வருசம் இருக்கும். ஆனா நம்பர் அவ போன்ல இருக்கு! எப்படி இருக்குன்னு நான் கேக்கலை. கேக்க வேண்டாம்னு இருந்துட்டேன்.

அவன் தூத்துக்குடியில இருக்கான். பொஞ்சாதி தவறிட்டா. கண்ணு ரெண்டும் முக்கால்வாசி போயிருச்சு, ஏதோ நீர் அழுத்தம்னாவ. அதனால எல்லாம் போன்லதான். காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணி வரைக்கும். ஸ்பீக்கர்ல போட்டுட்டு இவ வாசிப்பா, அவன் சொல்லுவான். நான் அடுத்த அறையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். படிச்சுக்கிட்டுன்னா, விரிச்சு வச்சுக்கிட்டு.

முதல் நாள் கம்பைல் பண்ணினதுல முந்நூத்திப் பன்னிரண்டு தப்பு. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இது ஆகாது, விட்டுருவாவன்னு நினைச்சேன். இவ என்னன்னா பரீட்சையில மார்க் வாங்கின பிள்ளை மாதிரி அவன்கிட்ட சொல்லுதா, "முந்நூத்திப் பன்னிரண்டுதான் ஸ்தனிஸ்!" அவன் அந்தப் பக்கம் சிரிக்கான். இவ இந்தப் பக்கம் சிரிக்கா.

ஸ்தனிஸாம்.

அந்தப் புரோக்ராம்ல ஒவ்வொரு வரியும் ஏழாவது கட்டத்துல இருந்துதான் ஆரம்பிக்கணுமாம். எழுபத்திரெண்டாவது கட்டத்தைத் தாண்டினா மெஷின் கண்டுக்கிடாதாம். யாரோ காப்பி பண்ணும்போது எல்லாம் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு பேரும் ஒவ்வொரு வரியா இழுத்துச் சரி பண்ணினாவ. மறுநாள் இருநூத்திச் சொச்சம். அடுத்த நாள் நூத்தி நாப்பது. தப்பு குறையக் குறைய இவளுக்கு வயசும் குறையுது. தலையில பூ வைக்கா. எனக்கு மத்தியானம் ரசம் மட்டும்தான். கேட்டா, "நேரம் ஆயிருச்சு, அப்பளம் பொரிச்சுக்கிடுங்க"ங்கா. ஒரு நாள் உக்காந்து எண்ணினேன் தம்பி. பத்துல இருந்து ஒண்ணுக்குள்ள பதினோரு தடவை சிரிச்சா. என்கிட்ட ஒரு வருசத்துல அவ்வளவு சிரிச்சிருப்பாளான்னு தெரியல. நான் என்ன சிரிப்புக் காட்டுற ஆளா? குடும்பம் நடத்துற ஆளு.

அப்போதான் ஒரு இடைஞ்சல் வந்தது. புரோக்ராம் நாலு பாகம். நாலாவது பாகம் இருந்த ஃபிளாப்பி பூஞ்சை பிடிச்சு வீணாப் போச்சு. மழை விட்டப்புறம் தண்ணி எப்படி வடியும்ங்கிற கணக்கு அதுலதான் இருக்கு. அது இல்லாட்டா மத்த மூணும் சும்மா. இவ போன்ல சொல்லுதா, "கவலைப்படாதீங்க ஸ்தனிஸ், அதை அச்சடிச்ச தாள் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. நாளைக்கு எடுத்துருதேன்."

அவ கோயிலுக்குப் போன நேரம் நான் பரண்ல ஏறினேன்.

எதுக்கு ஏறினேன்னு கேக்காதீங்க. எடுத்துக் கொடுத்து உதவி செய்யலாம்னுதான் ஏறினேன். சத்தியமா. ஒரு பழைய சூட்கேசுல இருந்தது. ரெண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையா இருக்கும்லா, ஒண்ணோட ஒண்ணு மடிஞ்சு நீளமா வரும்லா, அந்தத் தாளு. விரிச்சுப் பாத்தேன். எல்லாம் பெரிய எழுத்து இங்கிலீஷ். ஒண்ணும் விளங்கல. ஆனா பக்கத்துக்குப் பக்கம் வடிவு, வடிவு, வடிவு. வடிவை இதால பெருக்கு, வடிவை அதோட கூட்டு, வடிவு இவ்வளவுக்கு மேல போனா அங்க போ. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. நான் கட்டின தாலி, அவன் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்திருக்கான்.

கடைசிப் பக்கத்துல ஒரு வரி. அது கணக்கு இல்ல, வசனம். தமிழ்ல சொன்னா, "ஏற்கெனவே நிறைஞ்சாச்சு. இனிமே தாங்காது." அதுக்குக் கீழ, "எஸ். பார்க்கவும்." எஸ்னா ஸ்தனிஸ்லாஸ்தானே.

நீங்களே சொல்லுங்க. கட்டின புருசன் இதைப் படிச்சா என்ன நினைப்பான்?

நாலு தடவை படிச்சேன். மடிச்சு ஸ்கூட்டர்ல வச்சேன். பழைய பேப்பர் கடையில போட்டுட்டு, வர்ற வழியில ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

அவ மூணு நாள் தேடினா. பரண்ல இருக்கிற சாமான் பூராவும் கீழ இறங்கிச்சு. அறுபத்து மூணு வயசுல ஏணியில ஏறி இறங்குதா, தூசியில இருமுதா. ஏணியை யார் பிடிச்சுக்கிட்டு நின்னா? நான்தான். "பாத்து ஏறு, வழுக்கிரப் போகுது"ன்னு சொல்லிக்கிட்டே பிடிச்சேன். பொஞ்சாதி மேல அக்கறை இல்லாத ஆளுன்னு என்னை யாரும் சொல்ல முடியாது.

தாள் கிடைக்காதுன்னு ஆனதும் விட்டுருவான்னு பாத்தா, இவ என்ன சொல்லுதா? "ஞாபகத்துல இருந்து மறுபடி எழுதிருவோம். போன்ல இது ஆகாது. நீங்க இங்க வந்துருங்க ஸ்தனிஸ்."

வந்தான். பையும் கையுமா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன். அவ போகச் சொன்னா. என் ஸ்கூட்டர்ல, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். "அண்ணாச்சிக்கு ரொம்பச் சிரமம் கொடுக்கேன்"னான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? வாட்டசாட்டமா ஒருத்தன் வருவான்னு எதிர்பாத்தேன். இது மெலிஞ்சு, கைத்தடி வச்சுக்கிட்டு. படியில நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினேன்.

எங்க வீட்டு மாடி அறையில ஆறு நாள். இவ திரையில இருக்கிறதை வாசிக்கா. அவன் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கான். "அந்த இடத்துல ஒரு கழித்தல் வரணும் வடிவு"ங்கான். இவ "ஆமால்லா!"ங்கா. டீ போட்டுக் கொண்டு போறது நானு. கொண்டு போய் வச்சிட்டு, உடனே திரும்பினா நல்லா இருக்காதேன்னு கொஞ்ச நேரம் நிப்பேன். கொடியில காயப்போட்ட துணியை மடிப்பேன். நல்லா காயாத துணியைக்கூட மடிச்சேன்.

அஞ்சாவது நாள் காலையில தப்பு பூச்சியம்னு வந்துச்சு. கம்பைல் ஆகிருச்சு. இவ கையைத் தட்டினா. அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான்.

ஆனா ஓட்டிப் பாத்தா கணக்கு கோளாறு. தொண்ணூத்தாறுல ஒரு பெரிய வெள்ளம் வந்தது. அதோட மழைக் கணக்கு பூராவும் ரிஜிஸ்டர்ல இருக்கு. அதைக் கொடுத்தா முதல் ஒரு மணி நேரம் சரியாச் சொல்லுது. ரெண்டாவது மணியில அணையில தண்ணியே இல்லங்குது. ரெண்டு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டாவ. மத்தியானம் அவன்தான் கண்டுபிடிச்சான். பழைய மெஷின் ஒரு தடவை போட்ட கணக்கை அடுத்த தடவைக்கும் மறக்காம வச்சிருக்குமாம். புதுசு ஒவ்வொரு தடவையும் துடைச்சு எறிஞ்சிட்டு மறுபடி ஆரம்பிக்குமாம். மறக்காதேன்னு நாம எழுதிச் சொன்னாத்தான் வச்சிருக்குமாம். அதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு. அவன் கண்ணை மூடிக்கிட்டு நிதானமாச் சொன்னான்:

"எழுதிக்கிடு. சேவ்... வடிவு."

எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும் தம்பி. காப்பாத்துன்னு அர்த்தம். வடிவைக் காப்பாத்து. யார்கிட்ட இருந்து?

கையில இருந்த டம்ளரை ணங்குன்னு வச்சேன். "ஏன்வே, என் பொஞ்சாதி பேரை நீரு எதுக்குவே உம்ம கணக்குல எழுதினீரு? முப்பத்தஞ்சு வருசமா எழுதி வச்சிருக்கீரு, இப்பவும் எழுதச் சொல்லுதீரு!"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். இவதான் நாற்காலியைத் திருப்பினா.

"அவர் எழுதலை. நான் எழுதினேன்."

"உன் பேரை நீயே எழுதுவியா?"

"எழுதுவேன். வெள்ளம் வடியுற வேகம் அது. வடிவுன்னு வச்சேன். நாங்க ரெண்டு பேரும்தான் புரோக்ராம் எழுதினோம். ரிப்போர்ட் அட்டையில பெரிய இஞ்சினியர் பேரும் இவர் பேரும் போட்டாவ. என்னை 'மற்றும் அலுவலர்கள்'ன்னாவ. இவர் போய்க் கேட்டார், அவிய கேக்கலை. அட்டையில போடாட்டாப் போகட்டும்னு உள்ள போட்டேன். அதை எடுத்தா புரோக்ராம் ஓடாது."

நான் "என்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேன். நீங்க டூருக்குப் பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. 'ம்'ன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. இருக்கலாம். எத்தனையோ டூரு. ஆனா ஒண்ணு பாத்தீங்களா, அவன் மாட்டிக்கிடக் கூடாதுன்னு இவ பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாளோன்னு எனக்கு இப்பவும் ஒரு இது இருக்கு.

மறுநாள் அவன் ஊருக்குப் போயிட்டான். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி"ன்னான். ஒரு தண்ணி பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாக் கொடுத்தேன்.

ஆனா வேலை முடியலை. சேவ் போட்டதும் கணக்கு வந்துருச்சு, ஆனா மூணு மணி நேரம் பிந்தி வருது. தொண்ணூத்தாறுல அணை நிரம்பினது மத்தியானம் ஒரு மணி. இது நாலு மணிங்குது. மூணு மணி நேரம்னா சும்மாவா? அணைக்குக் கீழ ஏழு ஊரு இருக்கு. இவ நாலு நாள் சோறு தண்ணி இல்லாம பாத்தா. "ஏதோ ஒரு இடம் விட்டுப் போச்சு, ஸ்தனிஸ். என்னன்னு தெரியல, ஞாபகம் வர மாட்டேங்குது"ங்கா போன்ல. இந்தத் தடவை சிரிப்பு இல்ல. டிவியில வங்காள விரிகுடாவுல காத்தழுத்தம்னு சொல்லுதான். அணையில இருந்து அந்த இஞ்சினியரம்மா காலையில ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். "இல்லம்மா, இன்னும் சரியாகலை"ன்னு இவ சொல்லுதா.

அதுல ஒரு ஊருல என் மருமகன் வீட்டு ஆளுக இருக்காவ. அதுக்காக மட்டும் சொல்லலை. இவ மேசையில தலையைச் சாய்ச்சுக்கிட்டு இருந்தா. வச்ச பூ வாடிக் கெடந்துது. என்னால பாக்க முடியல.

"மண்ணுக்கும் தண்ணிக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"ஏன்?"

"இல்ல... ஏற்கெனவே நிறைஞ்சாச்சு, இனிமே தாங்காதுன்னு ஒரு வரி இருந்துது. கடைசிப் பக்கத்துல. அதுக்கு மேலயும் கீழயும் உன் பேரு. முக்கால்னு ஒரு எண்ணு."

அவ தலையைத் தூக்கினா. முதல்ல என்னைப் பாக்கலை, சுவரைப் பாத்தா. உதடு மட்டும் அசையுது. "மழை விட்டு மறுபடி பிடிச்சா... மண்ணு ஏற்கெனவே ஊறியிருக்கும்... இனிமே உறிஞ்சாது, தண்ணி சீக்கிரம் வந்துரும்..." அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பாத்தா.

"தாள் உங்ககிட்ட இருந்துதா?"

"கடையில போட்டுட்டேன்."

"ஏணியைப் பிடிச்சீங்களே."

திட்டுவா, அழுவா, போனை எடுத்து அவன்கிட்ட சொல்லுவான்னு நின்னேன். அவ கேட்டது வேற:

"போடுறதுக்கு முன்னால படிச்சீங்களா?"

"ஆமா."

"முழுசுமா?"

"நாலு தடவை."

"நான் எழுதினதை நீங்க படிச்சது இதான் முதல் தடவை"ன்னா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி டைப் அடிக்க ஆரம்பிச்சா.

கோவத்துல சொன்னாளா, வேற எதையாவது நினைச்சுச் சொன்னாளான்னு எனக்குப் பிடிபடலை. முகத்தைப் பாக்க முடியலை, முதுகுதான் தெரிஞ்சுது. அரை மணி நேரத்துல, மத்தியானம் ஒரு மணிங்கிற கணக்கு டக்குன்னு வந்துருச்சு. அவனுக்குப் போன் போட்டா. "கிடைச்சிருச்சு ஸ்தனிஸ்." அவன் எப்படின்னு கேட்டிருப்பான் போல. "வீட்டுல அவுகளுக்கு ஞாபகம் இருந்துது"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

கார்த்திகையில மழை எப்படிப் பெஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். முதல் நாள் பெஞ்சு, நின்னு, மறுநாள் பேயாட்டம் ஆடிச்சு. புரோக்ராம் சொன்ன நேரத்துக்கு ஷட்டரைத் திறந்தாவ. ஏழு ஊரு ஆளுகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டாவ. வயல் போச்சு, ரெண்டு மூணு வீடு போச்சு. ஒரு உசிரு போகலை. அணையில புது ரிப்போர்ட் போட்டு, அதை வீட்டுக்கு அனுப்பினாவ. இந்தத் தடவை அட்டையில இவ பேரு முதல்ல. அது சந்தோசம்தான். அதை ஒட்டி, பக்கத்துலயே ஸ்தனிஸ்லாஸ். ஒரு வரி தள்ளிக் கீழ போட்டா என்ன குறைஞ்சு போகும்? இடமா இல்ல?

இப்போ நாம போற இந்த அணைக்கட்டுல இருந்து கூப்பிட்டிருக்காவ. இங்கயும் அதே மாதிரி ஒரு பழைய புரோக்ராம், வேற யாரோ எழுதினது. கார் அனுப்பிச்சாவ. காலையில அவ கிளம்பும்போது, "வாரீங்களா?"ன்னு கேட்டா. "எனக்கு அங்க என்ன வேலை?"ன்னேன். கார் போயிட்டுது. போற வழியில தூத்துக்குடி ஆளையும் ஏத்திக்கிட்டுப் போகும். வீட்டைப் பூட்டிட்டு நான் பஸ் ஏறிட்டேன்.

வேலை இருக்கு தம்பி. யோசிச்சுப் பாத்துட்டேன். அவருக்குக் கண்ணு தெரியாது. யாராவது பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டணும். ஆயிரக்கணக்குல வரி இருக்குமாம். அதை ஏன் இவளே செய்யணும்? இவ பாட்டுக்கு அந்தக் கோடியில டைப் அடிக்கட்டும். நடுவுல நான் உக்காந்து வாசிக்கேன். பெரிய எழுத்து இங்கிலீஷ்தானே, எனக்கு நல்லா வாசிக்க வரும்.